மாமியார் படுத்திருந்த மதகு

எங்கள் மாவட்டத்தில் சரணாலயங்கள் உண்டு, கண்ணுகளா. பெரிய காடு என்று நினைத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். முயல் ஓடும் ஒரு புல்வெளி, வௌவால் தொங்கும் பழைய கல்குவாரி, நீர்நாய் குட்டி போடும் ஓர் ஆற்று வளைவு, நாணல் சூழ்ந்த ஓர் ஏரி. நடுநடுவே வயலும் ஊரும் தார்ச்சாலையும். அத்தனைக்கும் சேர்த்து ஒரே காவல்காரிதான். கிக்கர் உடைந்த ஸ்கூட்டரைத் தள்ளிக் கிளப்பிக்கொண்டு போவாள்.

ஏரிக்கரையில் அவளுக்குக் குடியிருப்பு கொடுத்திருந்தார்கள். ஓர் அறை, ஓர் அடுப்படி. புருஷன் லாரியோடு ஊர் ஊராகப் போகிறவன். ஆகையால் வீட்டில் அவளும் மாமியாரும்தான். இருவருக்கும் வாய் நீளம். உப்பு கூடினாலும் பேச்சு, குறைந்தாலும் பேச்சு.

மதகைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அதற்குக் கதவு கிடையாது. இரண்டு பக்கக் கல்லிலும் நீளப் பள்ளமாகக் காடி வெட்டியிருக்கும். அதில் கனமான பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கினால் ஆற்று வாய்க்காலில் வரும் நீர் தேங்கி ஏரி நிறையும், எடுத்தால் வடியும். வருடா வருடம் வெயில் தொடங்கும்போது காவல்காரி பலகைகளை எடுத்துக் கொட்டகையில் அடுக்கிவிடுவாள். நீர் வடிந்து நடு ஏரியில் சேற்றுத் திட்டுகள் தலைகாட்டும். அதற்கே காத்திருந்த மாதிரி நெடுங்கால் உள்ளான் பறவைகள் வந்து இறங்கும். குச்சி போல நீளமான சிவப்புக் கால், கறுப்பு இறக்கை. சேற்றில் ஒரு சின்னக் குழி, சுற்றி நாலு துரும்பு, அவ்வளவுதான் கூடு. குஞ்சு பொரிந்தால் அன்றைக்கே எழுந்து நடந்துவிடும். அதுவரைக்கும் நீர் ஒரு சாண் ஏறினாலும் முட்டை போயிற்று.

அந்த வருடம் திட்டெல்லாம் முட்டையாக இருந்த நேரத்தில் ரேஞ்சர் ஃபோன் செய்தார். இவளுக்கு மேலதிகாரி.

“ஞாயித்துக்கிழமை படகு சவாரி திறப்பு விழா. பெரிய இடத்துலேர்ந்து வர்றாங்க. பலகையை இறக்கி ஏரியை நிரப்பிடும்மா.”

“திட்டுல கூடு இருக்கு சார்.”

“எனக்குத் தெரியாதா? அந்தப் பறவையைப் பத்திக் கரையில போர்டு எழுதி வச்சதே நான்தான்.”

“எழுதின கையாலதான் மூழ்கடிக்கச் சொல்றீங்களா?”

“மேலேர்ந்து சொல்லிட்டாங்க. நான் என்ன பண்ண? காலைல ஆளோட வர்றேன்.”

ஃபோனை வைத்ததும் அவள் கொட்டகைக்குப் போனாள். ஒவ்வொரு பலகையாகத் தோளில் தூக்கி வீட்டுக்குள் கொண்டுவந்தாள். கட்டிலில் சாய்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்த மாமியார் நிமிர்ந்து பார்த்தாள்.

“என்னடி இது, எனக்குச் சவப்பெட்டி அடிக்கப் போறியா? அளவே எடுக்கலையே.”

“உங்க வாய்க்குத் தனியா ஒரு பெட்டி அடிக்கணும் அத்தை. எழுந்திரிங்க, மெத்தையைத் தூக்கணும்.”

விஷயத்தைக் கேட்டதும் கிழவி கத்தியைக் கீழே வைத்தாள். “தண்ணியை வடிச்சு, வாங்கன்னு கூப்பிட்டதே நாமதானே? வந்து முட்டை போட்ட பிறகு முங்கடிக்கிறதா? போடுடி பலகையை. நான் படுத்துக்கறேன்.”

காலையில் ரேஞ்சர் இரண்டு ஆட்களோடு வந்தார். கொட்டகை காலி. வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே கிழவி போர்வையை இழுத்து மூடிக்கொண்டு முனகினாள்.

“என்னம்மா உடம்புக்கு?”

“முதுகு தம்பி. கெட்டியான படுக்கையில படுக்கச் சொல்லியிருக்காரு டாக்டர். அசையவே கூடாதாம்.”

பலகைகளோ கட்டிலைவிட நீளம். கால்மாட்டில் அத்தனை பலகையின் முனையும் ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்தது. அதில் ஏரிப் பாசி வேறு. கூட வந்த ஆட்கள் கூரையைப் பார்த்தார்கள். ரேஞ்சர் பாசியைப் பார்த்தார்.

காவல்காரிக்கு அந்த நிமிடம் கூச்சமாகிவிட்டது. திருடிய பொருளையா ஒளித்து வைத்திருக்கிறோம் என்று தோன்றிற்று.

“பலகை அங்கதான் சார் இருக்கு. ஒளிச்சது தப்பு. நேராவே சொல்றேன், குஞ்சு எழுந்து நடக்கிற வரைக்கும் தரமாட்டேன்.”

கிழவி முனகலை நிறுத்தினாள். “அடிப்பாவி, இவ்வளவு நேரம் நான் நடிச்சது வீணா?”

ஆட்களில் ஒருவன் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போனான். மற்றவனிடம் ரேஞ்சர் கட்டிலைக் காட்டினார். கிழவி போர்வையை விலக்கி, “தூக்குப்பா. என்னையும் சேர்த்துத் தூக்கு. மதகுல இறக்கு. நானும் ஒரு பலகைதான்” என்றாள். அவனும் வெளியே போய்விட்டான்.

ரேஞ்சர் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கெட்ட மனுஷர் இல்லை அவர், பயந்த மனுஷர். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“இங்க பாரும்மா. பலகையெல்லாம் உளுத்துப் போச்சு, மதகை மூட முடியலைன்னு எழுதிடறேன். விழாவை வேற ஏரிக்கு மாத்திக்குவாங்க. உன் வேலையும் தப்பும், என் தலையும் தப்பும்.”

“சரின்னு சொல்லுடி” என்றாள் மாமியார்.

சரி என்று சொல்லியிருக்கலாம். முட்டை பிழைக்கும், வீடு மிஞ்சும். அவள் ஜன்னல் வழியாகத் திட்டைப் பார்த்தாள்.

“உளுத்துப் போச்சுன்னு எழுதினா இரும்புக் கதவு போடுவாங்க சார். அடுத்த வருஷம் ஒருத்தன் பட்டனை அழுத்துவான், திட்டு முங்கிடும். கேட்டா, போன வருஷம் பலகைதான் கெட்டுப்போச்சு, பறவைன்னு யாரும் சொல்லலையேம்பாங்க. கூடு இருந்துச்சு, அதனால காவல்காரி மூட மாட்டேன்னு சொல்லிட்டா. அப்படி எழுதுங்க.”

“வேலை போயிடும்.”

“போகட்டும்.”

“வீட்டையும் காலி பண்ணணும்.”

அவள் மாமியாரைப் பார்த்தாள். கிழவி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, “என்னை ஏன் பாக்கற? இந்த வீட்டுல எந்த மழைக்கு ஒழுகாம இருந்துச்சு?” என்றாள்.

ரேஞ்சர் அவள் சொன்னபடியே எழுதினார். எழுதும்போது இரண்டு தடவை நிறுத்தினார், மூன்றாம் தடவை நிறுத்தவில்லை. சாவிக்கொத்தையும் ஸ்கூட்டரையும் வாங்கிக்கொண்டு போனார். பலகைகளை அவர் கேட்கவே இல்லை.

மேலிடத்தில் யார் அதைப் படித்தார்கள், யார் படிக்கவில்லை, எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை விழா இங்கேயே நடந்தது. படகுகள் சேற்றில் மல்லாந்து கிடந்தன. ரிப்பன் கட்டியிருந்த இடத்தை நோக்கிப் பெரிய மனிதர் நடந்து வந்ததும் உள்ளான்கள் கூட்டமாக எழும்பி, அவர் தலைக்கு மேலேயே கீச்சு கீச்சென்று கத்திச் சுற்றின. பிடித்திருந்த குடைக்குள் அவர் குனிந்துகொண்டார்.

“தண்ணி எங்க? யாரு இதுக்குப் பொறுப்பு?”

ரேஞ்சர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு தரையைப் பார்த்தார். கரையில் கூடியிருந்த ஜனமும் தரையைப் பார்த்தது.

கூட்டத்தின் நடுவிலிருந்து காவல்காரி கையை உயர்த்தினாள். அன்றைக்கு அவள் மேல் காக்கிச் சட்டை இல்லை, வீட்டுப் புடவைதான். உயர்த்தின கையை இறக்கவே இல்லை கண்ணுகளா.

அவளுக்குப் பக்கத்தில் இன்னொரு கை உயர்ந்தது, சுருங்கின தோலோடு.

“படுத்திருந்தது நான்” என்றாள் மாமியார்.