ஷாஸ்லி பிடிக்காத பந்து

1

இந்தக் கதை, கெய்ரோ வாரப் பத்திரிகையொன்றில் என் பக்கத்து மேஜைக்காரியான வெதாத் எழுதாமல் விட்ட சில பத்திகளிலிருந்து வந்தது. அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன். வெதாத்தின் கட்டுரைக்காகவே பத்திரிகை வாங்குகிறவர்கள் உண்டு. எனக்காக வாங்குகிறவர் என் மாமியார் மட்டும், அவரும் குறுக்கெழுத்துக்காகத்தான்.

2

போர்ட் சயீதின் வானம் அன்று

(அடித்துவிட்டேன். அன்று யாரும் வானத்தைப் பார்க்கவில்லை.)

முப்பது வருடங்களுக்கு முன், கால்பந்துக் கோப்பை இறுதிப் போட்டியில், கைக்கு நேராக வந்த பந்தைக் கோல்கீப்பர் ஷாஸ்லி விட்டுவிட்டார். காசு வாங்கிவிட்டார் என்று ஊர் முடிவு செய்தது. அவர் மறுக்கவில்லை. மீன் கடை வைத்தார். அவரைப் பற்றி எழுதத்தான் வெதாத் துறைமுக ஊரான போர்ட் சயீதுக்குப் போனார்.

ஷாஸ்லி மடவை மீன் சுட்டுக் கொடுத்தார். எல்லாவற்றையும் பேசினார், அந்தப் பந்தைத் தவிர. கடைசியில் அவர் மனைவி ஸமாஹ் தேநீரை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"அன்னிக்குக் காலையில ஹோட்டலுக்கு நான்தான் போன் பண்ணேன், மேடம். எங்க குழந்தை இறந்து போயிட்டான்னு. இவரு யார்கிட்டயும் சொல்லாம இறங்கி ஆடினாரு."

ஷாஸ்லி எழுந்துவிட்டார். "இதை எழுதாதீங்க."

"எழுதுங்க!"

"சும்மா இரு, ஸமாஹ். 'ஆட்டம் முடியற வரைக்கும் பொறுக்க முடியலையா அவளுக்கு'ன்னு உன்னைப் பேசுவானுங்க. என்னைத் திட்டி அவனுங்களுக்குப் பழகிடுச்சு. எனக்கும் பழகிடுச்சு."

"எனக்குப் பழகலையே! உன்னைத் திருடன்னு சொல்றதைக் கேட்டுக்கிட்டேதானே இத்தனை வருஷமா மீன் கழுவுறேன்!"

3

ஸமாஹ் மீது எனக்குச் சந்தேகம். ஒரு பத்திரிகைக்காரியின் முன்னால் யாராவது இவ்வளவு பச்சையாகப் பேசுவார்களா? வெதாத்திடம் கேட்டேன்.

"குறைச்சுத்தான் சொல்லியிருக்கேன். அவங்க போட்ட சத்தத்துல பக்கத்துக் கடைக்காரர் வந்து எட்டிப் பார்த்தாரு."

4

கட்டுரையை எழுதும்போது வெதாத்

(இங்கே அவருடைய மனப் போராட்டம் பற்றி ஒரு பக்கம் இருந்தது. படித்துவிட்டு, "நான் இவ்வளவு அழகா கஷ்டப்படலையே" என்றார். எடுத்துவிட்டேன்.)

அந்தப் போன் இல்லாமலே கட்டுரை வந்தது. ஆசிரியர் கூப்பிட்டுக் கேட்டார்:

"மீன் இருக்கு, கடல் இருக்கு. பந்து எங்கம்மா?"

"வலைக்குள்ள இருக்கு, சார்."

5

முடிவுகள்.

(அ) ஊரே திரண்டு வந்து மன்னிப்புக் கேட்கிறது. போர்ட் சயீதை அறிந்தவர்கள் சிரிப்பார்கள்.

(ஆ) ஷாஸ்லி இறந்து, பிறகு உண்மை தெரிகிறது. அவர் நன்றாகத்தான் இருக்கிறார். இதைப் படித்துவிட்டு என்னைத் திட்டுவார்.

நடந்தது இது. வெதாத் பத்திரிகையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். கூட்டம். மீன் பொட்டலத்தோடு நின்ற ஒருவர் அதை வாங்கிப் புரட்டினார்.

"காப்டன், கட்டுரை பிரமாதம்! எவ்வளவு வாங்கினீங்கன்னு மட்டும் போடலையே?"

எல்லோரும் சிரித்தார்கள். ஷாஸ்லியும் சிரித்தார். ஸமாஹ் கத்தியைக் கீழே வைத்தார். கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: குழந்தை, போன், எல்லாம். ஷாஸ்லி பனிக்கட்டிப் பெட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பொட்டலக்காரர் வாயைத் திறந்தார்.

அவர் சொன்னதை வெதாத் என்னிடம் சொல்லியிருக்கிறார். எழுதியும் பார்த்தேன். எழுதினால் அவரை நல்லவர் என்றோ கெட்டவர் என்றோ முடிவு கட்டிவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விடுவோம். அடித்துவிட்டேன்.

அவர் கொஞ்சம் விலகி நிற்கட்டும். நீங்கள் வந்து நில்லுங்கள். பொட்டலம் உங்கள் கையில். ஸமாஹ் உங்களைத்தான் பார்க்கிறார்.