லைவ் கேசட்டின் முப்பத்தோராம் நிமிடம்

பாட்காஸ்டில் எத்தனை நிமிடம் பேசுகிறார்களோ அத்தனை நிமிடம்தான் எங்கள் ஊரில் கேசட் ஓடும். அவர்கள் எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே நடந்தும் இருக்கும். தூத்துக்குடியில் இதற்கு யாரும் முகம் சுளிப்பதில்லை.

'கல்லுப்பு' எங்கள் ஊர் ராக் குழு. நான்கு பேர், நான்கு கேசட், பத்து வருடம். அவர்களைப் பற்றிச் சென்னையிலிருந்து விஹான், மேகலை என்று இரண்டு பேர் வாரம் ஒரு பாட்காஸ்ட் போடுகிறார்கள். குழு உடைந்த பிறகு பிறந்த பிள்ளைகள். முதல் கேசட்டைப் பற்றி மட்டும் மூன்று வாரம் பேசினார்கள். பாட்காஸ்ட்காரர்கள் எல்லோருக்கும் முதல் கேசட் என்றால் உயிர். முக்கால் மணி நேரம் ஓடிக்கொண்டிருந்த அது இப்போது மூன்று மணி நாற்பது நிமிடம் ஓடுகிறது. நல்ல பாட்டுதான், யார் இல்லை என்றது? ஆனால் சமைக்க ஆரம்பிக்கும்போது போட்டால், சாப்பிட்டுக் கை கழுவிய பிறகும் பல்லவியிலேயே நிற்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு ரசிகர் மன்றம் கூடும். இடம், கடற்கரைச் சாலைக்குப் பின்னால் இருக்கும் ஒரு பேக்கரியின் மாடி. உறுப்பினர்கள் மூன்று பேர். தலைவர் மச்சாடோ சார், கல்லூரியில் இயற்பியல் ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்டிருந்து ஓய்வு பெற்றவர். அங்கிருந்து கொண்டுவந்த ஸ்டாப் வாட்ச் இன்னும் அவரிடம் இருக்கிறது. செயலாளர் செல்வசுந்தரி, தபால் அலுவலகத்தில் வேலை. மூன்றாவது நான். பாட்காஸ்ட் கேட்போம். பிறகு கேசட்டைப் போட்டு என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்ப்போம். கடைசியில் திருத்தக் கடிதம் எழுதுவோம். வாரத்துக்கு ஒரு தப்பாவது இல்லாமல் அந்தப் பிள்ளைகளுக்குப் பேச வராது. கடிதத்தை அடுத்த வாரம் அவர்கள் வாசித்துவிட்டால் தப்பு சரியாகிவிடும்.

ஒரே ஒரு கடிதத்தை மட்டும் அனுப்பாமல் விட்டோம். பேஸ் கித்தார் வாசித்த அம்புரோஸ் நாகர்கோவில்காரர் என்று இரண்டாவது கேசட்டின்போது சொல்லிவிட்டார்கள். மறுநாள் காலை அவர் நாகர்கோவிலில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தார். திருத்தம் எழுதட்டுமா என்று மச்சாடோ சார் போனில் கேட்டார். "வேண்டாம் சார். இங்க தண்ணி நல்லாருக்கு" என்றார் அம்புரோஸ்.

மூன்றாவதுதான் லைவ் கேசட். தொண்ணூற்று நான்கில், துறைமுகப் பக்கம் ஒரு பள்ளி மைதானத்தில் பதிவு செய்தது. அதன் முப்பத்தோராம் நிமிடத்தில், ஒரு பாட்டு முடிந்து ஆயிரத்து இருநூறு பேர் கைதட்டும்போது, ஒரு குரல் மட்டும் தனியாக "இன்னொண்ணு!" என்று கத்தும். அது என் அண்ணன் லியாண்டர். அன்றைக்கு என் நீலக் கட்டம் போட்ட சட்டையைக் கேட்காமல் போட்டுக்கொண்டு வந்திருந்தான். அவனுக்கு இருபத்து மூன்று வயது. அடுத்த வருடம் மஞ்சள் காமாலையில் போய்விட்டான். சட்டையோடுதான் அடக்கம் செய்தோம். அவன் குரல் வேறு எதிலும் பதிவாகவில்லை. முப்பது வருடமாக அந்த ஒரு சொல்லைக் கேட்பதற்காகவே அந்தக் கேசட்டைத் தேயாமல் வைத்திருக்கிறேன்.

இரண்டாவது கேசட்டைப் பேசி முடித்த வாரம், பாட்காஸ்டின் கடைசியில் விஹான் சொன்னான்: "அடுத்து ஒரு லைவ் கேசட் இருக்கு. சவுண்டு ரொம்ப சுமார். ரெண்டு நிமிஷத்துல தாண்டிடலாம்."

மச்சாடோ சார் ஸ்டாப் வாட்சைக் கீழே வைத்தார். முப்பத்தோராம் நிமிடம் இரண்டு நிமிடத்துக்குள் எங்கே வரப்போகிறது?

உடனே கடிதம் எழுத உட்கார்ந்தோம். ரசிகர்களுக்கு ஒரு வியாதி உண்டு, எதையும் விடமுடியாது. என்ன ஆம்ப்ளிஃபயர், மழை எந்தப் பாட்டில் தூறியது என்று மச்சாடோ சார் ஆறு பக்கம் எழுதினார். செல்வசுந்தரி ஏழு பக்கம். ஆறாவது பாட்டில் கித்தார் தந்தி ஒன்று அறுந்துபோகும். மிச்சத் தந்திகளை வைத்தே ஏழு நிமிடம் வாசிப்பார்கள். அந்த ஏழு நிமிடத்துக்காகத்தான் செல்வசுந்தரி மன்றத்திலேயே சேர்ந்தார். நான் அண்ணனைப் பற்றியும் சட்டையைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதினேன். அவன் இறந்ததை எழுதவில்லை. அதுவரை எந்தக் கடிதத்திலும் அதை எழுதியதில்லை.

"பதினாலு பக்கத்த அந்தப் புள்ளைங்க வாசிக்காது" என்றார் செல்வசுந்தரி. தன் ஏழு பக்கத்தையும் நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். மச்சாடோ சாரைப் பார்த்தார். அவரும் மனசில்லாமல் மடித்தார்.

"ஒங்க பாட்டு போயிருமே" என்றேன்.

"பாட்டு எனக்கு மனப்பாடம். ஒங்க அண்ணன் கொரலு எனக்கு அப்படி வராதுல்லா" என்றார். மறுநாள் அவரே விரைவுத் தபாலில் சேர்த்தார்.

அடுத்த ஞாயிறு பாட்காஸ்டில் என் ஒரு பக்கத்தை மேகலை முழுசாக வாசித்தாள். வாசித்தவள் நிறுத்தவில்லை. சட்டையைப் பற்றியே மூன்று நிமிடம் பேசினார்கள். "இந்த ரசிகரோட தம்பி லியாண்டர் இருக்காரே, எனக்கு அவரை ரொம்பப் புடிச்சிருக்கு" என்றாள் மேகலை. "தூத்துக்குடியிலதான் இருப்பாரு. சட்டையை இன்னும் திருப்பிக் குடுத்திருக்க மாட்டாரு" என்றான் விஹான். இருவரும் சிரித்தார்கள். மொத்தம் பதினோரு நிமிடம். பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கேசட்டைப் போட்டோம். கித்தார் இல்லை, டிரம்ஸ் இல்லை, கைதட்டல் இல்லை. முதல் நிமிடத்திலேயே "இன்னொண்ணு!" வந்தது. பிறகு பத்து நிமிடம் அவன் காத்துக்கொண்டிருப்பது கேட்டது. செல்வசுந்தரி தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குச் சந்தோஷமாகவும் வெட்கமாகவும் இருந்தது.

மச்சாடோ சார் திருத்தக் கடிதத்தைத் தொடங்கினார். "தம்பி அல்ல, அண்ணன்" என்று முதல் வரி எழுதி முடிப்பதற்குள் படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

லியாண்டர் வாசலில் நின்றான். நீலக் கட்டம் போட்ட சட்டை. தோளில் ஒரு தையல் விட்டிருந்தது.

"அண்ணே, என்னண்ணே இம்புட்டு நரச்சிட்டு?" என்றான்.

அவன் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. நான்தான் அவனை அண்ணே என்று கூப்பிடுவேன். அவனுக்கு இருபத்து மூன்று, எனக்கு ஐம்பத்து இரண்டு.

"உள்ள வாலே" என்றேன்.

மச்சாடோ சார் பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். அம்புரோஸுக்கு நாகர்கோவில் தண்ணீர் பிடித்துப்போனதை நினைத்துக்கொண்டேன். "இந்த வாரம் வேண்டாம் சார்" என்றேன். அவர் தாளை உருவி, மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு அடியில் வைத்தார். மன்றம் தொடங்கியதிலிருந்து ஆடிக்கொண்டிருந்த மேசை அது.

லியாண்டர் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தட்டிலிருந்த முந்திரி மக்ரூன் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். செல்வசுந்தரி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல, "தம்பி, ஆறாவது பாட்டு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார்.

"இப்பதானக்கா கேட்டுட்டு வாறேன்" என்றான்.

எழுந்து நின்று வாயாலேயே கித்தார் வாசித்தான். கண்ணை மூடிக்கொண்டு, இல்லாத கித்தாரை இடுப்பில் பிடித்துக்கொண்டு. தந்தி அறுந்த இடத்தில் ஒரு நொடி தடுமாறினான், பிறகு மிச்சத் தந்திகளிலேயே வாசித்தான். மச்சாடோ சார் ஸ்டாப் வாட்சை அழுத்தினார். சரியாக ஏழு நிமிடம். செல்வசுந்தரிக்குக் கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை.

அவன் முடித்ததும் அவர்தான் கத்தினார். "இன்னொண்ணு!"

கீழே தெருவில் கைதட்டல் எழுந்தது. எட்டிப் பார்த்தேன். கேசட்டில் இடம் இல்லாமல் போன ஆயிரத்து இருநூறு பேரும், தூறலில் நனைந்த தலையோடு, பேக்கரி வாசலிலிருந்து முனை வரைக்கும் நின்றிருந்தார்கள்.

பேக்கரிக்காரர் மேலே வந்து, எல்லோருக்கும் டீயா, யாருக்காவது காப்பியா என்று கேட்டார்.