அடிச்சட்டத்துக்குள் ஒரு செய்தித்தாள்

1

"அப்பா, துரு ஞாயித்துக்கிழமையும் வேலை செய்யுமா?"

ஆறு வயதில் என் மகள் கேட்டது. ஆராதனை முடிந்து, தேவாலயத்துக்கு வெளியே வண்டிகளுக்கு நடுவில் நின்றிருந்தோம். ஓய்வுநாளான ஞாயிற்றுக்கிழமை புல் வெட்டினால் அக்கம்பக்கத்தார் ஒரு வாரம் முகம் கொடுக்காத ஊர் எங்களுடையது. எதிரே எல்மா ஹாக்கலாவின் வண்டி நின்றது. 1965-ஆம் வருடத்து ராம்ப்ளர் கார், வெளிர்நீலம், கூரையை மடித்துக்கொள்ளலாம். அவளுடைய அப்பா விட்டுப்போனது. கதவுக்குக் கீழே பெயின்ட் ஒரு காசு அளவுக்குக் கொப்பளித்திருந்தது. மகள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கேட்டாள். "செய்யும்மா" என்று சொல்லி அவளை வண்டியில் ஏற்றினேன்.

அந்தக் கேள்வியிலிருந்து இந்தக் கதை பிறந்தது என்று சொல்லிக்கொள்ள ஆசை. பாதி உண்மைதான். மறுவாரம் எல்மா அந்த வண்டியை ரெய்னோ கங்காஸின் டிங்கர் பட்டறையில் விட்டாள். காசு அளவுக் கொப்புளத்துக்காகப் போன வண்டி ஐந்து வாரம் கழித்துத் திரும்பியது. ஏன் இத்தனை நாள் என்று ரெய்னோவைக் கேட்டேன்.

"உப்பு" என்றார்.

எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் நான் இட்டுக்கட்டியது. ஒருவர் ஒற்றைச் சொல்லோடு வாயை மூடிக்கொண்டால் அதற்குப் பின்னால் ஏதோ நல்லது இருக்கும் என்று நம்புகிற ஆள் நான். ஏமாந்தும் இருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: "பனிக்காலம் முழுவதும் சாலையில் கொட்டுகிற உப்பு, இரும்பின்மீது தீராத பகை கொண்டு..." அடித்துவிட்டேன். உப்புக்கு யார்மீதும் பகை இல்லை. பனி உருகி, நாம் வழுக்கி விழாமல் இருக்கத்தான் கொட்டுகிறார்கள்.

இரண்டாவது: "மனைவியை இழந்த ரெய்னோ, தன் பட்டறையில் தனியாக..." இதுவும் போயிற்று. கதைகளில் கைத்தொழில் தெரிந்த ஆண்களுக்கெல்லாம் மனைவி செத்துப்போகிறாள். ரெய்னோவின் மனைவி ஐலி நன்றாக இருக்கிறார். பட்டறை ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கணவரைத் திட்டுகிற அளவுக்கு நன்றாக.

ஆகவே காந்தத்திலிருந்து தொடங்குகிறேன்.

ரெய்னோ ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி வண்டியின்மேல் வைத்து நகர்த்தினார். இரும்பு இருக்கும் இடத்தில் பிடிக்கும், ஓட்டையை மறைக்கப் பட்டி பூசிய இடத்தில் பிடிக்காது. முன்சக்கரத்துக்குப் பின்னால் பிடித்தது. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் அடிச்சட்டத்துக்கு வந்ததும் நழுவியது. ஒரு சாண் தள்ளி வைத்தார், நழுவியது. ஒரு முழம் தள்ளி வைத்தார், அப்போதும் நழுவியது. மறுபக்கமும் அப்படித்தான்.

உளியால் தட்டினார். விரல் தடிமன் பட்டி பெயர்ந்து விழுந்தது. உள்ளே தகடு இல்லை. கசக்கித் திணித்த செய்தித்தாள் இருந்தது.

விரித்துப் பார்த்தார். பதினான்கு வருடத்துக்கு முந்தைய தாள். நவம்பர் பன்னிரண்டு.

(எங்கள் ஊரில் இந்தத் தேதிக்கு விளக்கம் வேண்டாம். உங்களுக்காகச் சொல்கிறேன்: நவம்பர் பதினைந்தில் மான் வேட்டை தொடங்கும். அதற்குள் கையிலிருக்கும் வேலையை எப்படியாவது முடித்துக் காட்டுக்குள் போய்விட வேண்டும். இங்கே அந்த வாரத்தில் கட்டிய சுவரைக்கூட யாரும் நம்ப மாட்டார்கள்.)

பதினான்கு வருடத்துக்கு முன் இந்த வண்டிக்கு வேலை செய்தவர் ஊரின் இன்னொரு பட்டறைக்காரர், வில்பர்ட் சல்மேலா. எல்மாவின் அப்பா அதை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டிருந்தார்.

3

வில்பர்ட்டை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

முதல் பிரதியில் அவருக்கு ஒரு காரணம் கொடுத்தேன். அந்த நவம்பரில் அவர் மனைவி மருத்துவமனையில் இருந்தாள் என்று எழுதினேன். படித்தவர்களுக்கு மன்னிக்க வசதியாக இருந்தது. அதனாலேயே எடுத்துவிட்டேன். வில்பர்ட்டுக்கு மான் சுட வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

இப்போது அவருக்கு எழுபது வயது. பட்டறையை மூடிவிட்டார். சீட்டாட்டத்தில் ஏமாற்றுவார், ஓயாமல் பேசுவார். நல்ல வேலைக்காரன் என்ற பெயர் மட்டும் அவரிடம் மிச்சமிருக்கிறது. ரெய்னோ அந்தத் தாளை ஒருவரிடம் காட்டினால் போதும், அதுவும் இருக்காது.

காட்டுவதில் ரெய்னோவுக்கு என்ன தயக்கம்? அதற்கு இருபத்தேழு வருடம் பின்னால் போக வேண்டும்.

கூரையுள்ள வண்டியைக் கூரையும் சேர்ந்து தாங்கும். கூரை மடங்குகிற வண்டிக்கு இரண்டு பக்கத்து அடிச்சட்டங்கள்தான் முதுகெலும்பு. துருப்பிடித்த சட்டத்தை அறுப்பதற்கு முன்னால் கதவு வாசலில் குறுக்குக் கம்பி வைத்து வெல்டிங் அடித்து வண்டியைப் பிணைத்துவிட வேண்டும். பட்டறை தொடங்கிய முதல் வருடம், போதகரின் வண்டியில், ரெய்னோ கம்பி வைக்காமல் இரண்டு சட்டத்தையும் ஒரே நாளில் அறுத்துவிட்டார். மறுநாள் காலையில் வண்டி கயிற்றுக்கட்டில் மாதிரி நடுவில் தொய்ந்து கிடந்தது. கதவு மூடவில்லை.

ஊரின் மறுகோடியில் போட்டிப் பட்டறை வைத்திருந்த வில்பர்ட், ஏதோ இரவல் கேட்க வந்தவர், பார்த்துவிட்டார்.

"காபி இருக்கா?"

"வில்பர்ட், நான் வந்து..."

"காபி இருக்கான்னு கேட்டேன். ஜாக்கி எத்தன வெச்சிருக்க?"

"ரெண்டு."

"எங்கிட்ட நாலு இருக்கு, கொண்டாறேன். வாயப் பொளந்துட்டு நிக்காம அந்த முனையப் போய்ப் பிடிடா."

இரண்டு நாள் ஆயிற்று. மயிரிழை மயிரிழையாகத் தூக்கினார்கள். கதவு சத்தமில்லாமல் மூடியதும் வில்பர்ட் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, "போதகர் வண்டிய முட்டி போட வெச்சவன் நீ ஒருத்தன்தான்டா" என்று சிரித்துவிட்டுப் போனார்.

(தேவாலயத்தின் கீழ் அறையில் ஞாயிறு காபி நடக்கும். ஏலக்காய் ரொட்டி தீர்ந்துபோகும், அடுத்தவன் செய்த தப்பு தீராது. ரெய்னோவின் கதை ஒரு குளிர்காலத்துக்குப் போதும். புதுப் பட்டறையை மூடவும் போதும். வாய் ஓயாத வில்பர்ட் அதை மட்டும் அங்கே சொல்லவே இல்லை. இருபத்தேழு வருடமாக.)

4

அதே கீழ் அறை. எல்மா தட்டோடு வந்து ரெய்னோவுக்கு எதிரில் உட்கார்ந்தாள். இரண்டு மேசை தள்ளி வில்பர்ட் யாரிடமோ சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"என்ன ரெய்னோ, என் வண்டி உசுரோட இருக்கா?"

"இருக்கு, இருக்கு."

"அவர் எங்க சொல்லப்போறார்?" என்றார் கணவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஐலி. "காசு அளவு கொப்புளம்னு வாங்கி வெச்சாரு. இப்பப் போய்ப் பாரு, பாதி வண்டியக் காணோம். கேட்டா உப்புங்கறாரு."

எல்மா சிரிக்கவில்லை. "மிட்சம்மர் கோடைத் திருநாளுக்கு அம்மாவையும் அப்பாவோட சிநேகிதர்னு வில்பர்ட்டையும் பின்சீட்டுல உக்கார வெச்சு ஏரிக்குக் கூட்டிட்டுப் போகணும். அந்த ரோடு எப்படின்னு உங்களுக்கே தெரியும். நடுவழியில வண்டி ரெண்டா மடிஞ்சா என்ன பண்றது? எதா இருந்தாலும் மறைக்காம சொல்லுங்க ரெய்னோ. யாரு வேலைல குறை இருந்தாலும் சரி."

இந்த இடத்தில் நான் பதினொரு நாள் நின்றேன்.

ஒரு பிரதியில் ரெய்னோ உள்ளதைச் சொல்லிவிடுகிறார். அறை அமைதியாகிறது. வில்பர்ட்டின் கையில் கோப்பை... அதற்குமேல் எனக்குக் கை ஓடவில்லை.

இன்னொன்றில் வில்பர்ட்டே எழுந்து, "தப்பு என்னோடதும்மா" என்கிறார். இதை எழுதிய அன்று நன்றாகத் தூங்கினேன். காலையில் கிழித்துப்போட்டேன். அப்படி எழுந்து நிற்பவர்கள் உண்டு. ஆனால் நான் படைத்த இந்த வில்பர்ட் எழுந்து நிற்க மாட்டார். என் நிம்மதிக்காக அவரை எழுப்பி நிறுத்தக்கூடாது.

மூன்றாவதில் ரெய்னோ ரொட்டியைக் காபியில் நனைத்தபடி சொல்கிறார்:

"ரெண்டு பக்கமும் அடிச்சட்டம் போயிடுச்சு எல்மா. இப்ப இருக்கற நிலையில அத ஓட்டவே கூடாது. புதுத் தகடு வெச்சு முழுசா கட்டித் தரேன். அப்புறம் உங்கம்மாவ மட்டுமில்ல, நம்ம கோயில் மணியையே தூக்கி வெச்சு ஓட்டு."

"வில்பர்ட் பண்ணினதுதானே அது? தாங்கலையா?"

"பதினாலு வருஷம் உப்புல ஓடியிருக்கு. அதுல இருந்ததுல இப்ப எதுவும் தாங்காது."

சொன்ன எதுவும் பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. இரண்டு மேசைக்கு அப்பால் வில்பர்ட் இன்னும் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். இவர் பேசியது அவர் காதில் விழுந்திருக்காது.

5

எல்மாவுக்கு உண்மை தெரிந்துகொள்ளும் உரிமை இல்லையா? உண்டு. எழுதும்போது என்னை உறுத்தியதும் அதுதான். அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். அவளுக்குக் கிடைத்தது ஒரு நல்ல அடிச்சட்டமும் ஒரு பாதிப் பதிலும். ஆண்டவர் சந்நிதியில் இது எந்தப் பக்கம் சேரும் என்று எனக்குத் தெரியாது. ஜெபித்துப் பார்த்தேன், அதற்குப் பிறகும் தெரியவில்லை.

ஆகவே உங்களிடம் விடுகிறேன். எல்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றினால், அடுத்த ஞாயிறு ரெய்னோ அவளைத் தனியாக அழைத்துச் சொன்னதாக வைத்துக்கொள்ளுங்கள். நான் மறுக்க மாட்டேன். ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்: நீங்கள் எந்த முடிவை எடுத்தாலும் அந்தச் சட்டம் திடமாக இருக்கும். ரெய்னோ முதலில் குறுக்குக் கம்பிகளைப் பிணைத்தார். ஒரு பக்கத்தை முழுதாக முடித்த பிறகே மறுபக்கத்தை அறுத்தார். யார் கண்ணுக்கும் படாத உள்மடிப்பில்கூடத் துருவைச் சுரண்டி, இரண்டு பூச்சு அடித்து, காய விட்டு, அதன்பிறகுதான் மூடினார். கதவைச் சாத்திப் பார்த்தார். இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவில் இருந்தது.

6

வேலை முடிந்தது ஒரு சனிக்கிழமை மாலை. ஐலி தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். பட்டறையில், எண்ணெய் டப்பாவுக்கு அடியில் அந்தத் தாள் இருந்தது. ரெய்னோ அதை எடுத்து மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் பின்னாலிருக்கும் சௌனா என்கிற நீராவிக் குளியலறைக்கு நடந்தார். அடுப்பில் விறகு அடுக்கித் தயாராக இருந்தது.

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தியதுவரைதான் எழுதியிருக்கிறேன். அடுத்த பத்தியில் நானும் உள்ளே போய் அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்து... இல்லை. இருபத்தேழு வருடம் வில்பர்ட் காத்த மௌனத்துக்கு மௌனத்தால்தான் ஈடு செய்ய முடியும். நான் போய் நின்றால் அங்கே ஒரு சாட்சி வந்துவிடும். நீங்களும் என்னோடு இந்தப் பக்கமே நில்லுங்கள்.

சனிக்கிழமை மாலை எங்கள் ஊரில் எல்லா வீட்டுச் சௌனாவிலிருந்தும் புகை எழும். எந்தப் புகையில் என்ன எரிகிறது என்று ஒருவரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.