இறுக்கிக் கட்டிய கார்

மஹாலட்சுமி முதல் சம்பளத்திலிருந்து சேர்த்து வாங்கிய சின்னச் சிவப்புக் கார் அவளிடமே இருக்குமா, புருஷனின் சிநேகிதன் பாலாஜியின் செடான் காருக்கு மாற்றாகப் போய்விடுமா என்பது வாலாஜாபாத் சாலையோரம், மனை போட்டும் விற்காத ஒரு செம்மண் திடலில் அன்று தீர்மானமாகவிருந்தது.

எல்லாம் அவள் புருஷன் குமரன் இழுத்த வம்பு. பட்டுத் தறியில் உட்கார்ந்தால் வாய் திறக்காதவன், காரென்றால் மூடாதவன். மண் தரைப் பந்தயம் என்றால் இருவருக்குமே பைத்தியம்.

"உன் வண்டியில பின்சக்கரம் ரெண்டும் ஒரே கட்டையில மாட்டிக்கினு இருக்குது மகா. ஒண்ணு பள்ளத்துல இறங்குனா இன்னொண்ணையும் இழுக்குது. பாலாஜி வண்டியில ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியா ஏறி இறங்குது. திருப்பத்துல அதுதான் தரையைப் பிடிக்கும்" என்பான்.

"என் வண்டி எடை கம்மி மாமா. அது திரும்பிப் போனப்புறம்தான் உன் செடான் திரும்பலாமான்னு யோசிக்கும்" என்பாள் மகா.

பேச்சு முற்றிப் பந்தயமாகிவிட்டது. காலிப் பெயிண்ட் டப்பாக்களை வைத்து வளைந்து வளைந்து பாதை போட்டார்கள். எந்தக் கார் வேகமோ அது வீட்டுக்கு, மற்றது பாலாஜிக்கு. அவனுக்கு எது கிடைத்தாலும் சம்மதம். அவன் செல்போனில் நேரம் பார்க்க நின்றான்.

முதலில் மகா. திருப்பங்களில் பின்சக்கரம் ஒன்று அந்தரத்தில் தூக்கினாலும் சிவப்புக் கார் சமாளித்து ஓடி வந்தது. அடுத்து குமரன். செடான் ஒவ்வொரு மேட்டிலும் தவளை போலக் குதித்து, ஒரு டப்பாவையும் நசுக்கிவிட்டு, வெகு தாமதமாக வந்து நின்றது.

ஜெயித்தவள் சந்தோஷப்பட வேண்டியதுதானே? மகாவுக்கு உறுத்தியது. நல்ல வண்டி இப்படிக் குதிக்காது. குனிந்து பார்த்தாள். குலுக்கலைத் தாங்கும் ஷாக் அப்சார்பர்களின் திருகுகள் கடைசிவரை முறுக்கப்பட்டிருந்தன.

"யாரு மாமா இவ்ளோ இறுக்குனது?"

"நான்தான். தறியில பாவு நூல் தொய்ஞ்சா சேலை கெட்டுடுதே. அதான் காலையிலயே நல்லா இறுக்கிக் கட்டிட்டேன்."

பாலாஜி தலையில் அடித்துக்கொண்டான். பிறகு தணிந்த குரலில், "அண்ணி, ஜெயிச்சாச்சு. கண்டுக்காத மாதிரி வீட்டுக்குப் போயிடுங்க" என்றான்.

போயிருக்கலாம். ஆனால் அப்படி ஜெயித்த காரை எந்த முகத்தோடு ஓட்டுவது? திருகுகளைத் தளர்த்தினாள். "சக்கரம் இறங்க வேண்டிய இடத்துல இறங்கணும் மாமா. நீ அதைக் கட்டிப் போட்டுட்ட."

குமரன் மறுபடி ஓட்டினான். இப்போது குதிக்கவில்லை, ஆனாலும் மகாவின் நேரத்தைத் தொடவில்லை. இறங்கி வந்து சாவியை நீட்டினான். "நீ ஓட்டிப் பாரு."

மெதுவாக ஓட்டினால் சிவப்புக் கார் பிழைக்கும் என்று நினைத்துத்தான் மகா ஏறினாள். முதல் திருப்பத்திலேயே அந்த நினைப்பு பறந்துவிட்டது. நாலு சக்கரமும் மண்ணைக் கவ்விக்கொண்டு, அவள் நினைத்த இடத்துக்கெல்லாம் திரும்பின. இப்படியும் ஒரு வண்டியா? வாய்விட்டுச் சிரித்தபடியே வந்து நின்றாள். பாலாஜி செல்போனைக் காட்டியதும் சிரிப்பு அடங்கியது. சிவப்புக் காரை அவளே தோற்கடித்திருந்தாள்.

 "பேச்சுன்னா பேச்சுதான்" என்று சொல்லி, சிவப்புக் காரின் சாவியைப் பாலாஜியிடம் நீட்டினாள்.

குமரன் நடுவில் கைவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டான். "உன் வண்டி ஜெயிச்சுதுடா பாலாஜி. ஆனா அதே வண்டியில இவ என்னைத் தோக்கடிச்சிட்டாளே. எனக்குத்தான் இன்னும் ஓட்டத் தெரியல. முதல்ல இந்தச் சிவப்புல கத்துக்கினு வரேன், அதுவரைக்கும் உன் வண்டி உன்கிட்டயே இருக்கட்டும்."

சிவப்புக் காரில் ஏறி உட்கார்ந்து இடப்பக்கக் கதவைத் திறந்துவிட்டான். "வா மகா, பக்கத்துல உக்காரு. திட்டாம சொல்லிக் குடு."

மகா ஓடிப்போய் ஏறிக்கொண்டாள். திட்டாமல் என்பதற்கு மட்டும் அவள் வாக்குக் கொடுக்கவில்லை.