பாலைவனத்துக்குப் போன குச்சி ஐஸ்

என் மனைவியின் தம்பியை நாங்கள் அவசரம் என்றுதான் கூப்பிடுவோம். ஐஸ் கம்பெனியில் அவன் விற்பனையாளன், நான் லாரி டிரைவர். அங்கே மெஷின் பார்த்த மெக்கானிக் பெண்மேல் அவனுக்கு உயிர். அவளுக்கோ அவன் வாய்மேல் சந்தேகம்.

“பேச்சுல ஊரையே வித்துடுவே. ஒரு லாரி குச்சி ஐஸை மிச்சமில்லாம வித்துட்டு வா. அப்புறம் கல்யாணப் பேச்சை எடு” என்றாள்.

அவசரம் சுவரிலிருந்த மேப்பைப் பார்த்தான். இரண்டு பாலைவனங்கள், இரண்டுக்கும் ஒரே மஞ்சள். தெற்கே இருந்ததில் ஐஸ்காரர்களைக் குறித்த புள்ளிகள் ஈயாய் மொய்த்தன. வடக்கே ஒருவர்கூட இல்லை.

“பார்த்தீங்களா அத்தான்! போட்டியே இல்ல.”

“ஏன் ஒருத்தனும் போகலைன்னு யோசிச்சியா மாப்ளே?”

“யோசிக்கிறவன் எப்ப வித்தான்?”

கிளம்பினோம். மலை ஏற ஏற மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. கடலிலிருந்து வந்த மேகங்கள் மலையில் முட்டி, இருந்ததையெல்லாம் இந்தப் பக்கமே இறக்கிவிட்டு, பிழிந்த துணியாய் அந்தப் பக்கம் போவதைக் கண்ணால் பார்த்தேன். ஒரு மேகத்துக்கு விலா எலும்பு தெரிந்தது. எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

உச்சியைத் தாண்டினால் மணல், பாறை, காற்று. இறக்கமே வரவில்லை, பாலைவனம் மலைமேலேயே பாய் விரித்துப் படுத்திருந்தது. தெற்கே இருப்பது தாழ்ந்த தரை, சூரியன் நேர் மண்டைமேல் நிற்கும். இங்கே சூரியன் சாய்ந்துதான் பார்க்கும். மெல்லிய காற்றுக்கோ கிடைத்த சூட்டைச் சேர்த்துவைக்கத் தெரியாது. என் மூக்கு இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்க வேண்டியிருந்தது.

எங்கள் ஐஸ் பெட்டிக்குள் பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரி. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பது. ஆகவே குளிர் தாங்காமல் இருவரும் பெட்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டோம். எனக்கு லேசாக வியர்த்தது.

“இங்க ஐஸ் யார் வாங்குவா அத்தான்? என் கல்யாணம் போச்சே!”

ஆடு மேய்க்கும் அம்மாள் ஒருத்தி கதவைத் தட்டினாள்.

“என்ன தம்பி இது?”

“ஐஸ் அக்கா. ஆரஞ்சு, திராட்சை.”

“உருக்கினா தண்ணிதானே?”

“தண்ணிதான்” என்று ஒரே வார்த்தையில் முடித்தான் அவசரம். அதுவே உலக அதிசயம்.

“மழையெல்லாம் மலைக்கு அந்தப் பக்கமே தீர்ந்துடுது. பனிகூட இங்க எட்டிப் பார்க்காது. கிணத்துக்கு அரை நாள் நடக்கணும். எல்லாத்தையும் இறக்கு” என்றாள்.

ஊரே பானையும் கையுமாக வந்தது. அடுப்புக்கு அடுப்பு குச்சி ஐஸ் கொதித்தது. ஆரஞ்சில் துணி துவைத்தார்கள். திராட்சையைக் குடித்த ஆடுகள் ஒரு வாரம் ஊதா நிறத்தில் பால் கறந்தன. குச்சிகள் விறகாயின.

திரும்பியதும் மெக்கானிக் பெண் பெட்டியைத் திறந்தாள். காலி.

“வித்துட்டியா?”

“வித்துட்டேன்.”

“ஐஸாவா?”

அவசரம் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

“வெந்நீராத்தான்” என்றான், தரையைப் பார்த்து.

அவள் சிரித்த சிரிப்பில் மெஷினே ஒரு நிமிஷம் நின்றுவிட்டது. “விக்கணும்னுதானே சொன்னேன், எப்படி விக்கணும்னா சொன்னேன்? வா, வந்து அப்பாகிட்ட பேசு.”

கல்யாணத்துக்கு அந்த ஊரே வந்திருந்தது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறதென்று கண்டுகொண்ட பிறகு ஒருவரையும் பந்திக்கு வரவழைக்க முடியவில்லை. இரண்டு பேர் இன்னும் குளித்துக்கொண்டிருக்கிறார்கள்.