ஆளுக்குப் பாதி

ஐயனாரை ஊரே நியாயஸ்தன் என்று மெச்சும். கட்டுமாவடிச் சந்தையில் மீன் வாங்கினால் நடுவில் வெட்டி இரண்டு பெண்டாட்டிக்கும் ஆளுக்குப் பாதி. தீபாவளிக்கு ஒரே நிறத்தில் இரண்டு சேலை. ஒரு நாள் மூத்தவள் உண்ணாமலை வீட்டில் சோறு, மறுநாள் சுவருக்கு அங்கிட்டு இளையவள் ராசாத்தி வீட்டில். ராசாத்தி வேறு யாருமில்லை, உண்ணாமலையின் கூடப்பிறந்த தங்கைதான். வயிற்றில் ஒரு புழு பூச்சி தங்கவில்லையே என்று ஊர் வாய் ஓயாமல் பேசியபோது, உண்ணாமலையே முன்னின்று கட்டிவைத்தாள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட மகராசி.

கேபிளும் அப்படித்தான். ஒரே ஒயர் வந்து, ஸ்ப்ளிட்டரில் பிரிந்து இரண்டு டிவிக்கும் போகும். படம் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஆனால் இரண்டு வீட்டிலும் ஒரே புள்ளி.

அந்த நியாயத்துக்கும் கேடு வந்தது. பழைய ஒளிபரப்பை நிறுத்துகிறார்கள், இனி எல்லாம் டிஜிட்டல் என்று கேபிள்காரன் வெற்றிச்செல்வன் வீடு வீடாக செட்டாப் பாக்ஸ் மாட்டிக்கொண்டு வந்தான்.

"ஒரு கனெக்சனுக்கு ஒரு பாக்ஸ்தாண்ணே. இனிமே ஒயரைப் பிரிச்சா ரெண்டாவது டிவியில ஒண்ணும் தெரியாது. எந்த வீட்டுல மாட்ட?"

ஐயனார் தலையைச் சொறிந்தான். உண்ணாமலை வாசலுக்கு வந்து நின்றாள். பாக்ஸ் கிடக்கிறது சனியன். எது தன் வீடு என்று இத்தனை வருசமாக அவன் வாய் திறந்து சொன்னதில்லை. இன்றைக்குச் சொல்லியாக வேண்டும்.

"புள்ளைக இருக்குற வீட்டுல மாட்டு," என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். "இன்னொண்ணு பெறகு வாங்கிக்கிருவோம்."

ராசாத்தி பெற்ற அந்தப் பிள்ளைகளைக் குளிப்பாட்டி, சோறூட்டி, காய்ச்சலில் தோளில் போட்டுச் சுமந்தவள் யாராம்? வெற்றிச்செல்வன் அவள் டிவியிலிருந்து ஒயரைப் பிடுங்கிச் சுருட்டிக்கொண்டு, "வாரேங்க்கா," என்று போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை அவள் முறை. மீன் குழம்பு வைத்திருந்தாள். ஐயனார் மதியம் வந்து உட்கார்ந்தான். சுவருக்கு அங்கிட்டு ஏதோ படம் ஓடியது. ராசாத்தியும் பிள்ளைகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவன் தட்டைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான்.

"ஒரு எட்டு பாத்துட்டு வாரேன். சோத்தை மூடி வையி."

"போங்க."

மூடி வைக்கவில்லை. அவன் பங்கு மீனையும் தன் தட்டில் போட்டு, முள்ளெடுத்து நிதானமாகத் தின்றாள். வந்து தட்டட்டும், திறக்கிறேனா பார் என்று எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டாள்.

படம் முடிந்தது. அடுத்த படமும் தொடங்கியது. பொழுது சாயும்வரை கதவை யாரும் தட்டவில்லை.