இசட் இருபத்தொன்று

பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் எப்சிக்கு ஏழு வருட வேலை. டாக்டர் எழுதும் ஒவ்வொரு நோய்க்கும் உரிய எண்ணைக் கணினியில் ஏற்ற வேண்டும். அந்த வாரம் தணிக்கை. பழைய பிரசவப் பதிவுகளில் எண்கள் சரிதானா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினேழாவது பதிவு அவளுடையது. இரண்டு வருடத்துக்கு முன் மகள் பிறந்தபோது போட்டது. சிரித்துக்கொண்டே திறந்தாள். இசட் 21 என்றிருந்தது. அதற்கு அர்த்தம், எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்.

அவள் பெயர்தான், அவள் தெருதான். மகளுக்குப் பதினோரு மாதம் பால் கொடுத்தது நினைவுக்கு வந்தது. அப்போது பார்த்துக் கணவன் ரிச்சர்ட் போனில் அழைத்தான்.

"ஏட்டி, சாளை மீன் நல்லா வந்திருக்கு. வாங்கட்டா?"

"கல்யாணத்துக்கு முந்தி யார் யார்கூடப் பழகுனீங்க?" என்று கேட்டுவிட்டுத் துண்டித்தாள்.

ஆய்வகத்துக்கு ஓடினாள். அங்கிருந்த நஃபீஸத் பழைய பதிவேட்டைப் புரட்டினாள். "உனக்கு ஒண்ணுமில்லட்டி. நெகட்டிவ்னுதான் இருக்கு, பாரு."

எப்சி தன் இடத்துக்குத் திரும்பி வந்து மற்ற பதிவுகளிலும் அந்த எண்ணைத் தேடினாள். அவள் பிரசவ விடுப்பிலிருந்த ஆறு மாதத்தில் அறுபத்து மூன்று பெண்களுக்கு அதே எண். எச்.ஐ.வி. சோதனை மட்டும் செய்ததற்குப் போட வேண்டியது வேறு எண்.

பிரிவுத் தலைவர் தேவசிகாமணியிடம் போய்ச் சொன்னாள். "உனக்குப் பதிலா வந்த பிள்ளைக்கு நான்தான் எண்ணை எழுதிக் கொடுத்தேன். மாத்தி எழுதிட்டேன் போல. பைய திருத்திருவோம், வெளிய சொல்லாத."

"இது அப்பவே காப்பீட்டுக் கம்பெனிக்குப் போயிருக்கு, சார். அந்தப் பொம்பளைங்க யாருக்கும் இது தெரியாது."

அவர் எழுந்து, அவளோடு தலைமை மருத்துவரிடம் போனார். சாயங்காலத்துக்குள் அறுபத்து மூன்றும் திருத்தப்பட்டன. கம்பெனிக்கும் கடிதம் போயிற்று. அங்கே யாராவது அதைப் படிப்பார்களா என்று எப்சிக்குத் தெரியவில்லை.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னாள். ரிச்சர்ட் மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான்.

"கம்ப்யூட்டர் சொன்னதும் நம்பிட்ட, என்ன?"

"தப்புதாங்க."

"நாளைக்கு ரெண்டு பேரும் ரத்தம் கொடுத்துப் பாத்துருவோம். உனக்கு நிம்மதியா இருக்கும்."

வேண்டாம் என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை.